விசாரணையில் இருக்கும் தவிசாளர் மறுபடி தேர்தல் கேட்கலாமா? – கேள்வி பதில்

வன்னியில் பிரதேச சபைகளில் எழுதுவினைஞராகத் தொடங்கி, செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். விசாரணையில் இருக்கும் மேயரோ, பிரதேச சபையின் தலைவரான தவிசாளரோ அடுத்த தேர்தலில் இருந்து ஒதுங்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சட்டமும் அலுவலக நடைமுறையும் எனக்குத் தெரிந்த விடயம். இன்னார் கள்ளனா என்று பெயர் சொல்லிக் கேட்ட கேள்விகளை எடுக்கவில்லை.

வட்டக்கச்சி, ஆசிரியை: ஐயா, எங்கள் பக்கத்துத் தவிசாளர் ஒருவர் மீது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவில் முறைப்பாடு இருக்கிறதாம். சட்டப்படி அவர் மறுபடி தேர்தல் கேட்கலாமா?

கேட்கலாம். தகுதியைப் பறிப்பது நீதிமன்றத் தீர்ப்பும் தண்டனையும்தான். விசாரணையால் மட்டும் யாருடைய தகுதியும் போவதில்லை. அதிலும் முறைப்பாடு வேறு, விசாரணை வேறு, வழக்கு வேறு. 1954 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்து முறைப்பாடு சொல்லலாம். ஆணைக்குழு அதைப் பார்த்து, விசாரிக்க இடம் உண்டு என்று எடுத்தால்தான் விசாரணை. சந்தியில் நின்று கதைக்கும்போது இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள் பிள்ளை.

நெடுங்கேணி, விவசாயி: "போட்டியிலிருந்து விலகு" என்கிறார்கள். எதிலிருந்து விலகுவது? இங்கே தவிசாளருக்கென்று தனியாக வாக்குப் போடுவதில்லையே?

இதைக் கேட்டதற்கு நன்றி அண்ணை. பாதிச் சண்டை இது புரியாததால்தான் வருகிறது.

உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரே இருக்காது. கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும்தான் இருக்கும். 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு 60 வீதம் பேர் வட்டாரத்தில் இருந்தும் 40 வீதம் பேர் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். 2018 பெப்ரவரித் தேர்தலும் 2025 மே 6ஆம் திகதித் தேர்தலும் அப்படித்தான் நடந்தன. அப்புறம்தான் தவிசாளர். ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் இருந்தால் அந்தக் கட்சியே பெயரைக் கொடுக்கும். இல்லாவிட்டால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். வவுனியா இப்போது மாநகர சபை. மேயரும் அங்கே இப்படித்தான் வருகிறார்.

ஆகவே கதவு இரண்டு. உறுப்பினராக உள்ளே வருவது முதல் கதவு. கதிரையில் ஏறுவது இரண்டாவது. வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு ஒருவர் "நான் விலகிவிட்டேன்" என்று பத்திரிகையில் சொன்னாலும் பட்டியல் மாறாது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. வட்டாரத்தில் தோற்றவரைக்கூடக் கட்சி தன் விகிதாசாரப் பங்கில் சபைக்குள் கொண்டுவரலாம். சனம் தோற்கடித்தாலும் அவர் வரலாம் என்றால், பொறுப்பு யாரிடம் இருக்கிறது? வேட்புமனுவில் கையெழுத்துப் போடும் கட்சியிடம்.

புதுக்குடியிருப்பு, கடைக்காரர்: சட்டம் விடுகிறது, சனமும் வாக்குப் போடுகிறது. பிறகு எதற்கு ஒதுங்க வேண்டும்?

நான் கண்டதைச் சொல்கிறேன். சபையின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம்.

ஒரு கார்த்திகை மாதம். குளம் வான் பாய்ந்து, பாலத்துக்கு மேலால் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கம் சைக்கிள்கூடப் போகவில்லை. ஆனால் சபையின் மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் ரன்னிங் சாட்டில் (நாளாந்த வேலையும் எரிபொருளும் எழுதும் பதிவு) அதே நாள் அதே வீதியில் 7 மணித்தியாலம் வேலை, டீசல் 60 லீற்றர் என்று எழுதியிருந்தது. நீல மை. இலக்கங்கள் ஒரே சாய்வில், ஐந்து நாளுக்கானதை ஒரே இருப்பில் எழுதியது போல. கீழே சாரதியின் கையெழுத்து, அதற்குக் கீழே தவிசாளரின் சுருக்கொப்பம்.

விசாரிக்க ஒரு அலுவலர் வந்தார். சாரதி அமைய ஊழியர், நிரந்தரமாக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துக் காத்திருந்தவர். தேர்தல் கிட்ட வந்திருந்தது. தவிசாளர் மறுபடி கேட்கிறார், வெல்லுவார் என்றுதான் ஊரே கதைத்தது. அலுவலர் கேள்வி கேட்டபோது அந்தச் சாரதி அவரைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகத் தவிசாளரின் கதிரையைப் பார்த்தார். கதிரையில் அந்த நேரம் யாரும் இல்லை. "நினைவில்லை ஐயா" என்றார். கோப்பு அதோடு நின்றுவிட்டது.

எனக்கு வேண்டியது இவ்வளவும்தான்: சாட்சிகளுக்கு மேலே, விசாரணை முடியும்வரை, அந்த ஆள் உட்காரக் கூடாது. சபையின் பணத்தைப் பற்றிய விசாரணையில் சாட்சி என்றால் யார்? சாரதி, களஞ்சியக் காப்பாளர், காசாளர், கேள்விப் பத்திரத்தை (டெண்டரை) திறந்த எழுதுவினைஞர். பிரதேச சபையில் நிறைவேற்று அதிகாரம் தவிசாளரிடம். இந்த ஆட்களின் வேலைப் பங்கீடும் மேலதிக நேரக் கொடுப்பனவும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. அவர் உறுப்பினராகக் கேட்கட்டும், அது சனத்தின் தீர்ப்பு. ஆனால் "விசாரணை முடியும்வரை தவிசாளர் பதவிக்கு என் பெயர் வேண்டாம்" என்று வேட்புமனுவுக்கு முன்னமே எழுதிக் கொடுக்க வேண்டும். கட்சியும் அதைச் சனத்துக்குச் சொல்ல வேண்டும்.

பரந்தன்: எங்கள் சபைக்கு 11 கணக்காய்வு வினாக்கள் வந்திருக்கின்றன. தவிசாளர் விலக வேண்டாமா?

கணக்காய்வு வினா ஊழல் விசாரணை அல்ல. வவுச்சரில் ஒரு திகதி விடுபட்டாலும் வினா வரும். முதலில் பதிலை வாசியுங்கள்.

ஒட்டுசுட்டான், இளைஞர்: ஐயா, "விசாரணை" என்ற சொல்லை இவ்வளவு இலகுவாகச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவா. போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றியதற்கு விசாரணை, கூட்டத்தில் கதைத்ததற்கு விசாரணை. அதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் ஒதுங்கினால் யார் மிஞ்சுவார்?

தம்பி, நீங்கள் சொல்வது சரி. இதை நான் முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வன்னியில் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கின்றன. சபைக் காசு எங்கே என்று கேட்கும் விசாரணை ஒன்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வரும் விசாரணை மற்றது. யாழ்ப்பாண மேயராக இருந்த மணிவண்ணனை 2021 ஏப்ரலில் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைது செய்தது. மாநகர சபைக் காவலர்களுக்குக் கொடுத்த சீருடை புலிகளின் காவல்துறைச் சீருடையைப் போல இருந்தது என்பதுதான் காரணம். பிணையில் வந்து, அதற்குப் பிறகும் ஒன்றரை வருடத்துக்கு மேல் மேயராக இருந்தார். அப்படியொரு விசாரணைக்கு எங்கள் தவிசாளர் ஒருவர் பதவியை விட்டால், விசாரிப்பவருக்கு வழக்கே தேவையில்லை. கூப்பிட்டாலே போதும் என்றாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒதுங்கக் கூடாது.

முள்ளியவளை, சட்டம் படிக்கும் மாணவி: ஐயா, இதில் நான் உடன்படவில்லை. காசடித்தவரும் "இது அரசியல் பழிவாங்கல்" என்றுதான் சொல்லுவார். எது எந்த விசாரணை என்று யார் தீர்மானிப்பது?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நான் மூன்று விடயம் பார்ப்பேன். குற்றச்சாட்டில் ஒரு கடதாசி இருக்கிறதா: வவுச்சர், ரன்னிங் சாட், குத்தகை ஒப்பந்தம் என்று ஏதாவது? சபையின் சொத்தோ காசோ குறைந்திருக்கிறதா? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்களா? மூன்றுக்கும் "ஓம்" என்றால், விசாரிப்பவர் எந்தக் கட்சியின் ஆளாக இருந்தாலும் கதிரையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கடதாசியே இல்லாமல் பேச்சையும் அஞ்சலியையும் மட்டும் வைத்து வந்தால் அது வேறு.

ஒட்டுசுட்டான், மறுபடி: கடதாசியையும் உருவாக்கலாம் ஐயா.

முள்ளியவளை, மறுபடி: அப்படியென்றால் எந்தக் காலத்திலும் எவரையும் கேள்வி கேட்க முடியாது அண்ணா. சந்தைக் குத்தகைக் காசு எங்கள் அம்மா மரக்கறி விற்றுக் கட்டிய காசு.

இரண்டு பேரும் நேற்று இரவு முழுக்க இதையே எழுதியிருக்கிறீர்கள், எல்லாவற்றையும் இங்கே போடவில்லை. தம்பி, கடதாசியை உருவாக்கலாம். ஆனால் சபையில் ஒரு கொடுப்பனவுக்கு ஒரு கடதாசி மட்டும் இருப்பதில்லை. வவுச்சர், வேலை முடிந்த அறிக்கை, களஞ்சியப் பதிவு, சபைக் கூட்ட அறிக்கை என்று நான்கு இடத்தில் தடம் இருக்கும். நான்கையும் பொய்யாக்குவது கஷ்டம். ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். பிள்ளை, நீங்கள் சொன்ன மரக்கறிக் காசுதான் என்னை இந்தப் பதில்களை எழுத வைத்தது. ஆனாலும் விளக்கேற்றியதற்கு விசாரிக்கப்பட்டவரைப் பெக்கோ டீசலுக்கு விசாரிக்கப்பட்டவரோடு ஒரே வரிசையில் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

கனகராயன்குளம்: விசாரணை இருந்தால் தேர்தல் ஆணைக்குழு வேட்புமனுவை நிராகரிக்காதா?

இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

மாங்குளம், வெளிநாட்டில் இருந்து வந்து நிற்பவர்: மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

நியூயோர்க் மேயராக இருந்த எரிக் அடம்ஸ் மீது 2024 செப்டெம்பரில் குற்றப்பத்திரம் வந்தது. 2025 ஏப்ரலில் வழக்குத் தள்ளுபடியானது. அதற்குப் பிறகும், செப்டெம்பர் கடைசியில் அவர் போட்டியை விட்டார். பெயர் மட்டும் வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தது. வோஷிங்டன் மேயர் மரியன் பரி 1990இல் கைதாகி, அந்த முறை மேயர் பதவிக்குக் கேட்கவில்லை. சிறைக்குப் போய் வந்து 1994இல் மறுபடி மேயரானார். ஒதுங்கினால் அரசியல் வாழ்வு முடிந்தது என்று பயப்படுகிறவர்கள் பரியைப் பார்க்கலாம். இஸ்தான்புல் மேயராக இருந்த இமாமோக்லுவைப் பற்றியும் கேட்டீர்கள். 2025 மார்ச்சில், ஜனாதிபதி வேட்பாளராக அவர் கட்சி அவரைத் தெரிவு செய்ய இருந்த நேரத்தில் பிடித்தார்கள். அது ஒட்டுசுட்டான் தம்பி சொல்லும் வகைக்குக் கிட்ட வருகிறது.

துணுக்காய்: பதவியில் இருக்கும் தவிசாளரை யார் நீக்கலாம்?

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 185ஆம் பிரிவு. ஓய்வு பெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவரை வைத்து விசாரித்து, வர்த்தமானி மூலம் நீக்கலாம். அந்த அதிகாரம் மாகாண அமைச்சருக்கு உரியது. வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்த பிறகு இன்னும் தேர்தல் இல்லை, ஆகவே ஆளுநரிடம் இருக்கிறது. நாங்கள் தெரிவு செய்த ஒருவரை நாங்கள் தெரிவு செய்யாத ஒருவர் நீக்குவது எனக்கு உவப்பில்லாத விடயம். கட்சியும் ஆளும் தாங்களே ஒதுங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

செட்டிகுளம்: வழக்குப் போட்டால்கூடக் கேட்கலாமா?

கேட்கலாம். இதே கேள்வி இதோடு ஐந்தாவது தடவை. தீர்ப்பும் தண்டனையும் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

மடு: அவர் ஒதுங்கி, மனைவியை நிறுத்தினால்?

சட்டம் தடுக்காது. நான் ஏற்க மாட்டேன். பெண்களுக்கென்று சபையில் 25 வீத இடம் வாங்கியது, கணவரின் கதிரையைச் சூடாக வைத்திருக்க அல்ல. அந்த அம்மா தானாக வேலை செய்து வந்தவர் என்றால் வரட்டும். அவர் கூட்டங்களில் முன்பு கதைத்திருக்கிறாரா என்று வட்டாரத்துச் சனத்துக்குத் தெரியும்.

பூநகரி: விசாரணை உண்மையிலேயே நடக்கிறதா என்று எப்படி அறிவது?

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆணைக்குழுவின் விசாரணைக் கோப்பு கிடைக்காது. ஆனால் அந்த வேலையின் வவுச்சரும் மதிப்பீடும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

மாந்தை கிழக்கு: கணக்காய்வு வினா வந்தால்...

அது ஊழல் விசாரணை அல்ல. பரந்தனுக்குச் சொன்னதேதான்.

இடம் சொல்ல விரும்பாதவர்: ஐயா, நான் ஒரு சபையில் அமைய ஊழியர். ரன்னிங் சாட்டில் கையெழுத்து என்னுடையது. சொல்லச் சொன்னதை எழுதினேன். வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அவர் மறுபடி கேட்கிறார்.

தம்பி, கடிதத்தில் உள்ள திகதிக்குப் போங்கள், தவறவிடாதீர்கள். எழுதச் சொன்னது யார், எந்த நாள், எந்த இடத்தில் என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கேட்கும்போது கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு ஒப்பமிடுங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் தகவல் கொடுப்பவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு உண்டு. யாராவது மிரட்டினால் அதையும் அதே அலுவலரிடம் சொல்லுங்கள். போவதற்கு முதல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நான் வாசல்வரை வருகிறேன்.