பப்பாளி வளையப்புள்ளி வைரஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஐந்து மாதப் பப்பாளி, குருத்து மஞ்சளாகிச் சுருங்குகிறது. சத்துக் குறைவா, வைரஸா?

பதில்: இலையை விடுங்கள், முதலில் காம்பைப் பாருங்கள். இளம் காம்பிலும் தண்டின் மேல்பகுதியிலும் எண்ணெய் தொட்டு இழுத்த மாதிரி கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தால் வைரஸ்தான், நுண்ணூட்டம் தெளித்துக் காசைக் கரைக்க வேண்டாம். பிறகு காயின் தோலில் சின்னச் சின்ன வளையங்கள் விழும், நோய்க்குப் பேர் வந்ததே அதனால்தான். முற்றிவிட்டால் இலைப்பரப்பு தேய்ந்து நரம்பு மட்டும் நூல் மாதிரி மிஞ்சும்.

கேள்வி: வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறேன், செடியில் ஒரு அசுவினிகூட இல்லை. அப்புறம் எப்படி வந்தது?

பதில்: நிறையப் பேர் பணத்தை விடுவது இங்கேதான். இந்த வைரஸைப் பரப்புவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. அது பப்பாளியில் குடியிருக்க வருவதில்லை, பறந்து போகிற வழியில் உட்கார்ந்து ஊசிவாயால் ஒரு குத்து குத்திப் பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த செடிக்குப் போய்விடும். அந்தச் சில நொடிகளே போதும். வைரஸ் அதன் ஊசிவாயில்தான் ஒட்டியிருக்கிறது, அதனால் மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும். நாற்றை வலைக்குள் வளருங்கள். நடுவதற்கு முன்பே வயலைச் சுற்றி மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக விதைத்து வையுங்கள், வருகிற பூச்சி முதலில் அதில் குத்தினால் வாயில் இருக்கும் வைரஸ் அங்கேயே கழிந்துவிடும். பூசணி, சுரை வகைகள் பக்கத்தில் வேண்டாம், அவற்றிலும் இது தங்கும். நோய் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்குங்கள். காய் தொங்குகிறதே என்று மனசு கேட்காது, தெரியும், ஆனால் அது நிற்கிற ஒவ்வொரு நாளும் பக்கத்து மரத்துக்கு ஆபத்து.

கேள்வி: அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. மனிதரைத் தொற்றாது. இனிப்புதான் குறையும்.

கேள்வி: தாவர நோயியல் படிக்கிறேன். இந்த வைரஸின் குடும்பத்துக்குப் 'போட்டிவிரிடே' என்று ஏன் பேர்?

பதில்: உருளைக்கிழங்கைத் தாக்கும் 'பொட்டேட்டோ வைரஸ் ஒய்' என்பதன் சுருக்கம்தான் 'போட்டி'. பப்பாளி வைரஸும் இந்தக் குடும்பம்தான். வளைந்த நூல் மாதிரி வடிவம், உள்ளே சுமார் 10,000 எழுத்து நீளத்தில் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அதைத் தாவரத்தின் செல் படித்து ஒரே நீளப் புரதமாகச் செய்து கொடுக்க, கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும் வைரஸின் சொந்த நொதிகளே அதைப் பத்துத் துண்டாக வெட்டிக்கொள்கின்றன. போலியோ வைரஸும் இதே வழியில்தான் வேலை செய்கிறது, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், மறக்காது. 1630களில் ஹாலந்தில் கொள்ளை விலைக்குப் போன கோடு போட்ட துலிப் பூக்களும் இந்தக் குடும்பத்து வைரஸின் வேலைதான்.

கேள்வி: ஹவாயில் நோய் தாங்கும் பப்பாளி இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. 1992இல் ஹவாயின் புனா வட்டாரத்தில் நோய் புகுந்து தோப்புகளை அழித்தது. தாவர நோயியல் விஞ்ஞானி டென்னிஸ் கொன்சால்வ்ஸின் குழு வைரஸின் மேலுறைப் புரத மரபணுவையே பப்பாளிக்குள் வைத்து உருவாக்கிய 'ரெயின்போ' ரகம், 1998இல் விவசாயிகள் கைக்கு வந்து அந்தத் தொழிலைக் காப்பாற்றியது. ஆனால் அது ஹவாய் வைரஸுக்குப் பொருத்திச் செய்தது. நம் ஊர் வைரஸின் மரபணு வேறுபடுவதால், இங்கே தாங்க வேண்டுமென்றால் இங்குள்ளதை வைத்துத்தான் செய்ய வேண்டும். அதுவரைக்கும் வலையும் மக்காச்சோள வரப்பும்தான்.