மேசைக் கணினிக்கு வைஃபை கார்டு: நாமே போடலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா?

கேள்வி: என் மேசைக் கணினியில் வைஃபை வசதி இல்லை. உள்ளே கார்டு வாங்கிப் பொருத்தலாமா, யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை குச்சியே போதுமா? நாமே செய்ய முடியுமா?

முடியும். நான் செய்தேன். வயது 57, படிப்பு பி.காம்., அதுவரை ஸ்க்ரூ டிரைவர் பிடித்த அனுபவம் மிக்ஸியோடு சரி. "ஆளைக் கூப்பிட வேண்டுமா" என்று நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்ததும் பேசாமல் போக முடியவில்லை. நானும் ஆளைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ரவுட்டர் வாசலருகே, கணினி கடைசி அறையில் என்று நினைக்கிறேன். மும்பை செம்பூரில் எங்கள் வீடு அப்படித்தான். ஃபைபர் இழுக்க வந்தவர்கள் எங்கே கம்பி நுழைந்ததோ அங்கேயே ரவுட்டரை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நடுவே குளியலறைச் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. நான் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். 19ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு இணையம் அறுந்துபோவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

யூஎஸ்பி குச்சியை முதலில் நானும் வாங்கினேன். கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் அது தாராளமாகப் போதும். என் கூத்து வேறு. காப்புப் பிரதி எடுக்கும் வன்தட்டை அதே பக்கத்து நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் செருகுவேன். நகல் எடுக்கத் தொடங்கியதும் இணையம் படுத்துவிடும். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதிலிருந்து கசியும் இரைச்சல் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. குச்சியை ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் மாட்டித் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். உங்களிடம் குச்சி இருந்தால் செலவு செய்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். எனக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது, பீரோ தொல்லை தீரவில்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் எட்டைத் தாண்டவில்லை.

"ஈதர்நெட் கம்பி இழுத்தால் வேலை முடிந்தது, எதற்கு இந்தப் பாடு" என்று சொல்லக் காத்திருப்பவர்களே, தெரியும். கம்பிக்கு நிகர் கம்பிதான். ஆனால் எங்கள் வீட்டில் கம்பி உள்வழியாகப் போக வேண்டுமென்றால் மூன்று கதவுகளின் அடியில் நுழைய வேண்டும். வெளிவராந்தா வழியாகக் கொண்டுபோகலாம் என்றால் சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) செயலாளர் சம்மதிக்கவில்லை. வராந்தாவுக்கு இப்போதுதான் பெயின்ட் அடித்தார்களாம், ஆணி அடிக்கக் கூடாதாம். அந்தப் பெயின்ட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் வாங்கிய பணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அந்தக் கணக்கைப் பார்த்தவளே நான்தான். மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் சமையலறைக் கூரையில் மூன்று மழைக்காலமாக நீர் கசிகிறது. கேட்டால், "அது உங்கள் இரண்டு வீட்டு விவகாரம்" என்கிறார். ஒரு மெல்லிய கம்பி மட்டும் எப்படியோ சொசைட்டி விவகாரமாகிவிடுகிறது. போகட்டும், கேள்விக்கு வருகிறேன்.

பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்தார். கையோடு கொண்டுவந்த கார்டை இரண்டு இடங்களில் வைத்து அழுத்தினார். எனக்கே வயிற்றைக் கலக்கியது. "ஆன்ட்டி, மதர்போர்டு பழசு. இதில் கார்டு ஏறாது. போர்டை மாற்றிவிடலாம், ஆறாயிரம் ஆகும்" என்று இந்தியில் சொன்னார். வந்ததற்கு 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். 2019இல் வாங்கிய கணினி அது. பிறகு விசாரித்தபோதுதான் புரிந்தது. அவர் கொண்டுவந்தது பழைய பிசிஐ வகைக் கார்டு. இப்போதைய போர்டுகளில் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது. பழசு என் போர்டு இல்லை, அவர் கார்டுதான்.

பவாயில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிற அக்காள் மகனைக் கேட்டேன். "சித்தி, நான் சாஃப்ட்வேர். பெட்டியைத் திறந்ததே இல்லை" என்றான். மாதம் அவ்வளவு சம்பளம்.

சரி என்று ஒரு சனிக்கிழமை குர்லாவிலும் தாதரிலும் ரயில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோட்டுக்கு நடந்தேன். மூன்று கடைகளில் விலையை மட்டும் சொன்னார்கள். நான்காவது கடையில் இருந்த பையன் தாராவிக்காரன், தமிழ்ப் பையன். விலை சொல்வதற்கு முன், "அம்மா, உங்கள் கேபினெட் அகலமா, ஒல்லியா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். என் கணவர் அளந்து பார்த்து, "ஒரு சாண் இருக்கும்" என்றார். "அப்படியென்றால் சாதாரணக் கேபினெட்" என்றான் பையன். ஒல்லிக் கேபினெட்டாக இருந்தால் கார்டின் பின்பக்கத் தகடு குட்டையாக இருக்க வேண்டுமாம். சில பெட்டிகளில் இரண்டு தகடும் வரும், சிலவற்றில் வராது.

அவன் சொன்ன இன்னொரு விஷயம் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். இன்டெல்லின் வைஃபை சில்லுகளில் ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 இரண்டும் தனித்து இயங்கக்கூடியவை. ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 என்று ஒரு எண் தள்ளி இருப்பவை அதற்கென்றே வசதி செய்த இன்டெல் போர்டுகளில் மட்டுமே ஓடும். கார்டில் ஒட்டிப் போட்டாலும் மற்ற கணினிகளில் உயிர் வராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் வாங்கி ஏமாறாதீர்கள். நான் ஏஎக்ஸ் 210 போட்ட கார்டை 2,600 ரூபாய்க்கு வாங்கினேன்.

பொருத்துவது பத்து நிமிட வேலை, எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி உள்ளே தங்கிய மின்சாரத்தைப் போக்கினேன். கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கார்டைத் தொட்டேன். கழற்றிய திருகாணிகளைச் சந்தனக் கிண்ணத்தில் போட்டேன். உள்ளே ஏழு வருடத் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு. போர்டில் ஒரு நீளமான துளை, அதற்குக் கீழே என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குட்டித் துளை. அந்தக் குட்டிதான் இந்தக் கார்டுக்கு. உங்கள் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு உட்கார்ந்து அதை மறைத்திருந்தால், காலியாக இருக்கிற நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை எதிலும் செருகலாம், வேலை செய்யும். அதற்கு நேராகப் பின்புறம் இருக்கும் தகட்டை எடுக்க வேண்டும். என்னுடையது திருகாணியில்லாமல், முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிற வகை. ஒடிந்த முனை விரலைக் கீறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு ஒடியுங்கள். கார்டின் தங்க நிறப் பற்களைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து, நேராக வைத்து அழுத்தினேன். "டக்" என்று சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. குட்டித் துளையில் கொக்கி கிடையாது. பற்கள் முழுவதும் மறைந்துவிட்டால் சரி.

கணினியை எழுப்பினால் வைஃபை என்ற பேச்சே இல்லை. கார்டைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். பெட்டியில் குட்டி சிடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், என் கணினியில் சிடி போட இடமில்லை. இணையம் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர இணையம் வேண்டும். இதற்கு வழி கைப்பேசியில்தான் இருக்கிறது. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். கணினிக்குக் கைப்பேசியின் இணையம் கிடைத்துவிடும். டிரைவரை இன்டெல் தளத்திலிருந்தே இறக்கினேன். வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை, ஏஎக்ஸ் 210க்கான ஆதரவு கெர்னல் 5.10 முதல் உள்ளேயே இருக்கிறது.

வைஃபை வந்தது. புளூடூத் வரவில்லை. டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டேன். பிறகுதான் பெட்டியின் அடியில், உபரியாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் விட்டுவைத்த குட்டிக் கம்பி கண்ணில் பட்டது. கார்டின் வைஃபை பாதி பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் பேசுகிறது, புளூடூத் பாதி யூஎஸ்பி வழியாகப் பேசுகிறது. அந்தக் கம்பியைப் போர்டில் ஒன்பது ஊசிகள் நிற்கும் யூஎஸ்பி 2.0 இணைப்பில் செருக வேண்டும். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, ஒரு மூலையில் ஊசி இருக்காது. கம்பியின் தலையிலும் அதே மூலை அடைத்திருக்கும், அதைப் பார்த்துச் செருகினால் தவறாது.

இவ்வளவும் செய்து வேகம் பார்த்தால் முப்பது. அழுகையே வந்தது. கார்டில் குறையில்லை, ஆன்டெனா மேசைக்கடியில், இரும்புக் கேபினெட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. மறு சனிக்கிழமை அதே பையனிடம் போய், ஒரு மீட்டர் கம்பியும் காந்த அடியும் உள்ள ஆன்டெனா வாங்கிவந்து பீரோவின் தலையில் உட்கார வைத்தேன். இத்தனை நாள் எதிரியாக இருந்த பீரோ! அன்று முதல் தொண்ணூறுக்குக் குறைவதில்லை.

மற்றவை சில்லறை வேலைகள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் வலது சொடுக்கி, மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், தூங்கி எழுந்த கணினி இணையத்தை மறக்காது. கார்டின் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு முதலிடம் கொடுங்கள். அது சுவரைத் தாண்டி எட்டாவிட்டால் 2.4க்கு வாருங்கள், ரவுட்டரில் சானலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை அவை மூன்றுதான். எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு வைஃபை பெயர்கள் தெரிகின்றன, பாதிப் பேர் 6இல்.

"இத்தனை பாடுபடுவதற்குப் புதுக் கணினி வாங்கலாமே" என்பவர்களுக்கு: என்னுடையது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை ஐ3 செயலி, விண்டோஸ் 11 ஓடுகிறது. கணக்கு எழுத இதற்கு மேல் என்ன வேண்டும்?

போர்டின் பெயரையும், பெட்டியின் உட்புறப் புகைப்படம் ஒன்றையும் போட்டால் எந்தத் துளை என்று சொல்கிறேன். 17 முதல் 20 வரை மட்டும் கேட்காதீர்கள்.