டபுள் கிளிக் பண்ணா கம்முனு இருக்கே!

கேள்வி: சார், என் லேப்டாப்ல உபுண்டு 22.04 லினக்ஸ் இருக்கு. படம் வரையுற சாஃப்ட்வேர் ஒண்ண ஆப்இமேஜா, அதாவது இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற ஒரே ஃபைலா டவுன்லோட் பண்ணேன். ஃபைல் மேனேஜர்ல டபுள் கிளிக் பண்ணா எர்ரர் கூட வர மாட்டேங்குது. மூணு தடவ திரும்ப எறக்கிப் பாத்துட்டேன். ஃபைலே கெட்டுப்போச்சா?

பதில்: ஃபைல் அநேகமா நல்லாத்தான் இருக்கும், நாலாவது தடவ எறக்கி டேட்டாவ காலி பண்ணாதீங்க. மொதல்ல அது மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல பர்மிஷன்ஸ் போங்க, ப்ரோக்ராமா ஓட விடலாமான்னு கேக்குற எடத்துல டிக் போடுங்க, நெட்லேர்ந்து எறங்குற ஃபைலுக்கு லினக்ஸ் அந்த உரிமைய தானா குடுக்காது. போட்ட டிக் நிக்கவே மாட்டேங்குதா? ஃபைல் பென்டிரைவ்ல இருக்கும். பென்டிரைவ்ல வழக்கமா இருக்குற ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்ல இந்த பர்மிஷன எழுதி வைக்க எடமே கிடையாது, ஹோம் ஃபோல்டருக்கு காப்பி பண்ணிக்கோங்க.

டிக் நின்னும் ஓடலன்னா இருக்கு வேல. ஃபைல் மேனேஜர் ப்ரோக்ராம கெளப்பி விடுறதோட சரி, அது போற வழியில என்ன பொலம்பிட்டு செத்துச்சுன்னு நமக்கு சொல்லாது. அதனால கட்டளை அடிக்கிற டெர்மினல தெறந்து, ஃபைல அப்டியே இழுத்து அதுக்குள்ள போட்டு என்டர் தட்டுங்க. 22.04ல முக்காவாசி பேருக்கு 'லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2' லோடு ஆகலன்னுதான் வரும். ஆப்இமேஜ்ங்கறது சுருக்கி வச்ச ஒரு குட்டி டிஸ்க் மாதிரி, ஓடும்போது தன்னையே மவுன்ட் பண்ணிக்கும், அதாவது டிஸ்க் மாதிரி சிஸ்டத்தோட சேத்துக்கும், அந்த வேலைய செய்யுற சாஃப்ட்வேர்தான் ஃபியூஸ், பழைய ஆப்இமேஜ்கள் ஃபியூஸ் 2ஐ தேடும், 22.04லயோ டீஃபால்ட்டா ஃபியூஸ் 3 மட்டுந்தான் வருது.

டெர்மினல்ல சுடோ ஆப்ட் இன்ஸ்டால்ங்கற கட்டளைய போட்டு 'லிப்ஃபியூஸ்2'ங்கற பேக்கேஜ ஏத்துங்க, முடிஞ்சுது. ஆனா அவசரத்துல 'லிப்'ப விட்டுட்டு வெறும் 'ஃபியூஸ்'னு அடிச்சிடாதீங்க சாமி! அது ஃபியூஸ் 3ஐ தூக்கிட்டு, அத நம்பி இருக்குற டெஸ்க்டாப் பேக்கேஜையும் சேத்து காலி பண்ணிடலாம், எதெது ரிமூவ் ஆகப்போகுதுன்னு ஆப்ட் காட்டுற லிஸ்ட்ட படிக்காம ஒய் தட்டவே கூடாது. நாளைக்கு 24.04க்கு மாறுனா இதே பேக்கேஜ் பேருக்குப் பின்னாடி 'டி64' ஒட்டியிருக்கும்.

டெர்மினல்ல வேற ஏதாவது வந்துச்சுன்னா அந்த கடைசி ரெண்டு மூணு வரிய அப்டியே எழுதி அனுப்புங்க, 'ஓடல'ன்னு மட்டும் எழுதாதீங்க.