தலைமுறை தலைமுறையாக கார் ரேஸ் ஓட்டும் குடும்பத்தினர் பிள்ளைகளையும் ஏன் அதில் இறக்குகிறார்கள்?

கேள்வியில் இருப்பது இதுதான்: அமெரிக்காவில் தாத்தா, அப்பா, பேரன் என்று வரிசையாக ஸ்டாக் கார் என்கிற, சாதாரண ரோட்டு கார் மாதிரியான வண்டியில் ரேஸ் ஓட்டுகிற குடும்பங்கள் இருக்கின்றனவாமே, காசும் வராத, உயிருக்கும் உத்தரவாதம் இல்லாத ஒன்றில் பெற்ற பிள்ளையை இறக்க எப்படி மனசு வருகிறது?

கேட்டவர் கார்கள் உருண்டு நொறுங்குகிற வீடியோக்களை வரிசையாகப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் போல. இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ இப்படி ஒரு இடத்தில் சம்பந்தப் பேச்சு ஓடுகிறது. இரண்டாவது என்றால் முழுசாகப் படியுங்கள், என் பெண் வாழ்க்கைப்பட்டிருப்பது அப்படிப்பட்ட வீட்டில்தான்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், வின்ஸ்டன்-சேலம் பக்கம். மாப்பிள்ளையின் தாத்தா பழைய ஃபோர்டு காரை மண் தடத்தில் ஓட்டியவர். சம்பந்தி ஸ்ட்ரீட் ஸ்டாக் என்கிற பிரிவில் ஓட்டினார், இப்போது மாப்பிள்ளை ஓட்டுகிறார், பேத்தி பாண்டலேரோ என்கிற குட்டி ரேஸ் காரில் உட்கார ஆரம்பித்திருக்கிறாள். உடனே "பணக்கார வீடு" என்று முடிவு கட்டாதீர்கள். சம்பந்தி வீடு வீடாகப் போய் ஏசி ரிப்பேர் பார்த்தவர். அவர்கள் கார் என்பது எண்பதுகளில் ரோட்டில் ஓடிய ஷெவர்லே காரின் சட்டம். கண்ணாடியையெல்லாம் கழற்றி, கதவைப் பற்றவைத்து மூடி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருப்பார்கள். ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். கதவில் விளம்பரம் ஒட்டியிருப்பது பன்னாட்டு கம்பெனி இல்லை, பக்கத்துத் தெரு பார்பிக்யூ கடை. ஜெயித்தால் கிடைப்பது சில நூறு டாலர், நாலு டயர் வாங்கினால் அது காலி. ஆக, காசு வராது என்பதில் கேட்டவர் சொல்வது சரிதான்.

ஆனால் "பிள்ளையை இறக்குகிறார்கள்" என்றால் ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பது என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஓட்டுவது ஒரே ஆள், அதுவும் வாரத்தில் ஒரு ராத்திரி. மற்ற நாளெல்லாம் ஷெட்டில் வேலை. டயர் அளப்பது என்று ஒன்று உண்டு, முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தியம்மா ஒரு டேப்பை எடுத்து ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்து, எண்ணை சாக்பீஸால் அந்த டயர் மேலேயே எழுதுகிறார். பேத்தி டேப் நுனியை நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும், நழுவினால் திரும்ப முதலிலிருந்து. பின்பக்க வலது டயரின் சுற்றளவு இடதை விட ஓரிரண்டு அங்குலம் கூட இருக்க வேண்டுமாம். எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான், பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியபடி சேர்ந்து சுற்றுகின்றன, வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், அதனால் அது பெரிசாக இருந்தால் கார் தானாக இடது பக்கம் வளையும். "சும்மா வட்டமாகச் சுற்றுவதில் என்ன இருக்கிறது" என்று இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். தாத்தா எழுதி வைத்த நோட்டை இன்னும் புரட்டுகிறார்கள், எந்த டிராக்கில் எந்தச் சூட்டில் எவ்வளவு காற்று வைத்தார் என்று. இறங்கி வருகிற சொத்து அதுதான்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, கீழே வந்து சண்டை போடாதீர்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அது நம்மை விட நன்றாகத் தெரியும். டேட்டோனா 500 என்கிற பெரிய ரேஸ் 1959-இல் முதன்முதலாக நடந்தபோது அதை ஜெயித்த லீ பெட்டி, 200 ரேஸ் ஜெயித்த அவர் மகன் ரிச்சர்ட், அவர் மகன் கைல் என்று வந்த குடும்பம் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான். நாலாம் தலைமுறைப் பையன் ஆடம் 2000-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சி ஓட்டத்தில் சுவரில் மோதி இறந்தபோது வயது 19. அடுத்த வருஷம் டேட்டோனாவில் டேல் எர்ன்ஹார்ட் என்கிற பேர்பெற்ற ஓட்டுநர் இறந்தார், அவரும் ரேஸ்காரர் மகன்தான். அதற்கப்புறம்தான் ஹெல்மெட்டைத் தோள்மேல் உட்காரும் பட்டையோடு பிணைத்துக் கழுத்தைக் காக்கிற ஹான்ஸ் மாதிரிக் கருவியை, இந்த ரேஸ்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு கட்டாயமாக்கியது. பேத்திக்கு முதலில் வாங்கியது அதுதான், கார் பிறகுதான் வந்தது. என் பெண் அதில் ஒரே பிடியாக நின்றாள்.

இங்கே பவ்மன் கிரே ஸ்டேடியம் என்று நகராட்சிக்குச் சொந்தமான இடம், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் தார்ச்சாலை, 1949-லிருந்து நாஸ்கார் ரேஸ் நடக்கிறது. கோடையில் சனிக்கிழமை ராத்திரி போய்ப் பாருங்கள். பாட்டி முதல் கைக்குழந்தை வரை அதே வரிசையில் உட்கார்ந்து, போன வாரம் இடித்தவனை ஒரு குரலாக ஏசுவார்கள். எனக்கும் இப்போது ஏசப் பிடித்த ஓட்டுநர் ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம்.

நம்மவர்கள்தான் பேச்சு. "டாக்டர், இன்ஜினியர் கிடைக்கவில்லையா, போயும் போயும் காரை இடித்துக்கொள்கிற வீடா?" என்று ஒரு விசேஷத்தில் என் காதுபடக் கேட்டார்கள். கேட்டவரின் பையன் ஊரிலுள்ள அம்மாவைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டினார் என்றால் பெருமை. அதே நரேன் 2010-இல் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்காரின் பிக்கப் டிரக் ரேஸ் ஓட்டினார் என்பது அந்த விசேஷத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சம்பந்திக்குத் தெரிந்திருந்தது, கல்யாணப் பேச்சில் அவர் முதலில் எடுத்த விஷயமே அதுதான்.

இன்னொன்று, எங்கள் குடியிருப்புச் சங்கம். மாப்பிள்ளை ஒரு ராத்திரி டிரெய்லரை எங்கள் வாசலில் நிறுத்தியதற்குக் கடிதம் வந்தது, சரி, விதி என்று விட்டேன். ஆனால் கொல்லைப்பக்கம் வெயிலில் வடாம் காயப்போட்டதற்கும் படம் எடுத்து அனுப்பி, "பார்வைக்கு உகந்ததல்ல" என்று எழுதியிருந்தார்கள். மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு என் ஜவ்வரிசியை எட்டிப் பார்க்கத்தான் சங்கமா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சம்பந்தம் பேசப் போகிறவர் என்றால், ஆபத்து எவ்வளவு என்று பையனிடம் கேட்டுப் பயனில்லை, "ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்வான். டயர் எந்தக் காசில் வாங்குகிறாய் என்று கேளுங்கள். சம்பளத்தில் மிஞ்சியதில் என்றால் பேச்சை மேலே கொண்டு போகலாம். கிரெடிட் கார்டில் என்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.