கூண்டில் ஏறியதும் மறந்துபோனால்?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் என் கண்ணெதிரே ஒரு லாரி, பைக்கில் போனவரை இடித்துவிட்டது. இப்போது சாட்சி சொல்ல வரச்சொல்லி சம்மன் வந்திருக்கிறது. பாதி மறந்தே போச்சு. சத்தியம் செய்துவிட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டால் ஜெயிலா? கீதை மேல் கை வைக்க வேண்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் கீதையை முடித்துவிடுவோம். குற்றவியல் கோர்ட்டில் 26 வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். ஒருநாள்கூட எந்தச் சாட்சியிடமும் ஒரு புத்தகத்தையும் நீட்டியதில்லை. அதெல்லாம் சினிமாவோடு சரி. 1969-ம் வருடச் சத்தியப் பிரமாணச் சட்டம் கேட்பது ஒரே ஒரு வாக்கியம்: சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. கடவுள் பெயரால் சொல்லலாம். நம்பிக்கை இல்லாதவர் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். அந்த வாசகம் தவறுதலாக விட்டுப்போனாலும் சாட்சியம் செல்லும், உண்மை சொல்லும் கடமையும் அப்படியே இருக்கும்.

பொய் என்று தெரிந்தே சொன்னால்தான் குற்றம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவில் 7 வருடம் வரை சிறை உண்டு. ஞாபகப் பிசகு அதில் வராது. ‘ஞாபகம் இல்லைங்க ஐயா’ என்பதும் சத்தியத்துக்கு உட்பட்ட பதில்தான், உண்மையிலேயே ஞாபகம் இல்லாதபோது.

நான் பார்த்தவரை சாட்சிகள் மாட்டிக்கொள்வது மறதியால் அல்ல, இட்டு நிரப்புவதால். இதேபோல ஒரு விபத்து வழக்கில் ஒருவர், ‘வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது’ என்றார். குறுக்கு விசாரணையில் வக்கீல், ‘எப்படித் தெரியும்?’ என்று மெதுவாகத்தான் கேட்டார். ‘ஸ்டேஷன்ல சொன்னாங்க’ என்று வந்தது பதில். அதோடு அவர் உண்மையாகவே பார்த்ததும் எடுபடாமல் போனது. இன்னொரு நாள் ஒரு பாட்டி. தூரம் எத்தனை அடி என்றதற்கு, ‘அடிக்கணக்கு எனக்குத் தெரியாது சாமி, இந்தக் கூண்டிலிருந்து அந்தக் கடிகாரம் வரைக்கும்’ என்று கை நீட்டினார். சுமார் 20 அடி என்று நீதிபதி குறித்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

போலீஸ் எழுதிய வாக்குமூலம் சத்தியத்தின் பேரில் கொடுத்ததல்ல, அதில் உங்கள் கையெழுத்தும் இருக்காது. நீங்கள் சொல்லாதது அதில் இருந்தால், ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று கூண்டில் தயங்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், வக்கீல் ‘நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை’ என்பார். கோபப்படாதீர்கள். அப்படிச் சொல்லிவைப்பது அவர் வேலை, மறுப்பது உங்கள் வேலை. ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல’ என்று உங்கள் வாய்மொழியாகப் பதிவாகும். நீங்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள், அது கோர்ட் தமிழ்; ‘நான் அங்கே இல்லை என்று சொல்வது சரியல்ல’ என்று பொருள்.

எல்லாம் முடிந்ததும் டைப் செய்ததை வாசித்துக் காட்டுவார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய. காது கொடுத்துக் கேளுங்கள். இடது பக்கம் வலது பக்கமாக மாறியிருந்தால் அங்கேயே, அப்போதே நீதிபதியிடம் சொல்லிவிடுங்கள்.