மேசை துடைத்தவரும் யோவான் 13-உம்

ஸ்தோத்திரம் சகோதரி. இரவு ஷிப்டால் வேதம் வாசிக்க நேரமில்லை, அன்றாட வாழ்க்கையில் தேவன் பேசுவதும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது.

ஒருநாள் சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் வயதான துப்புரவாளர் ஒருவர் என் மேசையைத் துடைத்தார். யாரோ சிந்திய மீன் குழம்பு. ஈரத்துணியை மடித்து ஓரம்வரை இழுத்தவர், கேட்காமலேயே நாற்காலியையும் துடைத்துவிட்டார். சட்டென்று யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. இயேசு சீலையை அரையிலே கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினாரே, தம்மைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸின் கால்களையும் சேர்த்து! சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்கவேண்டும் என்பது 2021 முதல் கட்டாயம். எனக்கு அன்றுதான் அது ஊழியமாகத் தெரிந்தது.

வசனம் மனதில் இருந்தால்தான் இப்படிப்பட்டவை கண்ணில் படும். அதனால் ரயில் ஏறுமுன் ஒரே ஒரு வசனம் போதும். லூக்கா 15:8-இல் தொடங்குங்களேன். காணாமற்போன வெள்ளிக்காசுக்காக விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்குகிற பெண்ணைப் பற்றியது அது. அடுத்த முறை துடைப்பம் எடுக்கும்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.