ரவுட்டரில் ஓட்டை போதவில்லை, அண்ணே!

கேள்வி: எங்கள் வீட்டு முன் அறையில்தான் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறோம். ஃபைபர் கனெக்‌ஷனோடு கொடுத்த ரவுட்டரில் நாலு ஓட்டை, நாலும் நிரம்பிவிட்டது: கடைக் கணினி, பிரின்டர், கேமரா ரெக்கோடர், மேல் மாடி டிவி. இப்போது மகளின் ஏ.எல். வகுப்புகளுக்கு மேல் மாடியில் ஒரு கணினி வைத்திருக்கிறோம், தம்பியும் தன் லேப்டொப்புக்கு வயர்தான் வேண்டும் என்று நிற்கிறான். வைஃபை மேலே வருகிறது, ஆனால் வகுப்பு நடக்கும்போதே அறுந்து அறுந்து போகிறது. ஒருவர் இன்னொரு கனெக்‌ஷன் எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் பெரிய ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். எதைச் செய்யட்டும் அண்ணே?
- ஹட்டனிலிருந்து ஒரு வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. ஓட்டை போதவில்லை என்பதற்காக மாதாமாதம் இரண்டு பில் கட்டுவது, வீட்டில் கதிரை பத்தவில்லை என்று இன்னொரு வீடு வாடகைக்கு எடுப்பது மாதிரி. நீங்கள் வாங்க வேண்டியது, ஒரு கேபிளிலிருந்து பல ஓட்டை எடுத்துக் கொடுக்கிற நெட்வேர்க் சுவிட்ச். கடையில் வெறுமனே "சுவிட்ச்" என்று கேட்டால் லைட் போடுகிற சுவிட்சை எடுத்து நீட்டுவார்கள், அதனால் "அஞ்சு போர்ட் கிகாபிட் நெட்வேர்க் சுவிட்ச்" என்று முழுசாகக் கேளுங்கள். சின்னப் பெட்டி, செட்டிங் எதுவும் கிடையாது, கரண்ட் கொடுத்துக் கேபிளைச் செருகினால் வேலை செய்யும். எந்தப் போர்ட்டில் எதைச் செருகினாலும் ஒன்றுதான்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாரும் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைப்பார்கள், அப்புறம் மேலே இரண்டு புதுக் கேபிள் இழுக்க ஆள் தேடுவார்கள். உங்களுக்கு மேல் மாடிக்கு ஏற்கெனவே ஒரு கேபிள் போயிருக்கிறதே, டிவிக்கு! டிவியின் பின்னால் இருக்கிற முனையைக் கழற்றி சுவிட்சில் செருகுங்கள். ஐந்து ஓட்டையில் ஒன்று அதற்குப் போய்விடும், மிச்சம் நாலில் டிவி, மகள், தம்பி, அதற்கு மேலும் ஒன்று சும்மா இருக்கும். கீழே கடையில் ஒரு வயரையும் தொட வேண்டியதில்லை.

ஒரே கேபிளில் மூன்று பேரும் போனால் வேகம் குறையாதா என்று கேட்பீர்கள். கிகாபிட் என்றால் வினாடிக்கு 1000 மெகாபிட். உங்கள் பக்கேஜ் 100 மெகாபிட் என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் கேபிளுக்கு அது பத்தில் ஒரு பங்குதான். தம்பி பெரிய கேம் ஒன்றை டவுன்லோட் போடும்போது மகளின் வகுப்பு தடுமாறினால் அது இணைய இணைப்பைப் பங்கு போடுவதால் வருவது, சுவிட்சைத் திட்டாதீர்கள், தம்பியைத் திட்டுங்கள். பழைய 10/100 சுவிட்ச் மலிவாகக் கிடைத்தாலும் பக்கேஜ் 100க்கு மேல் இருந்தால் வாங்க வேண்டாம்.

ஆனால் ஒன்று. டிவி இவ்வளவு நாளும் ஓடியது என்பதற்காக அந்தக் கேபிள் நல்லது என்று நம்பிவிடக் கூடாது. நிறைய டிவிகளில் இருக்கிற போர்ட் 100 மெகாபிட்தான், அதற்குக் கேபிளுக்குள் இருக்கிற எட்டு வயரில் நாலு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், ஒன்று அறுந்திருந்தாலும் வேகம் 100க்கு விழும், சில நேரம் இணைப்பே வராது. ஆகவே சுவிட்சை மாட்டுவதற்கு முன்னால் தம்பியின் லேப்டொப்பை அந்த முனையில் நேரே செருகி, விண்டோஸில் ஈதர்நெட் இணைப்பின் வேகம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 1000 என்றால் சரி. 100 என்றால் முதலில் லேப்டொப்பின் போர்ட் கிகாபிட்தானா என்று பார்த்துவிட்டு, பிறகு இரண்டு முனையிலும் இருக்கிற கிளிப்பை வெட்டிப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். வண்ண வரிசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

புதுக் கேபிள்தான் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டால், கெட் 5ஈ (Cat 5e) வகை போதும், விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால் கெட் 6. ஆனால் செம்புதானா என்று பாருங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே பெட்டியில், அதே நிறத்தில் வருகிறது, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வயரைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். "ஒய்" மாதிரி ஒன்றை இரண்டாக்குகிற குட்டித் துண்டு ஒன்றும் கடையில் தொங்கும், அது சுவிட்ச் இல்லை, காசுக்குக் கேடு.

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் கீழே அண்ணன் வீட்டுக்கும் அறுபது மீட்டர் இருக்கும். நடுவில் ஒரு பலா மரம். மரத்தில் கட்டி நெட்வேர்க் கேபிள் இழுத்துக் கொடுக்கலாமா?
- பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நூறு மீட்டர் வரை போகும், அதனால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை மின்னல். நான் பட்டதைச் சொல்கிறேன். கோழியைத் தூக்குவது கீரியா ஆளா என்று பார்க்க, வீட்டிலிருந்து கோழிக்கூட்டுக்கு இருபது மீட்டர் கேபிள் இழுத்துக் கேமரா வைத்தேன். ஒக்டோபர் மாதம், வழக்கம்போலப் பகல் மூன்று மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. இடி எங்கள் வீட்டில் விழவே இல்லை, மேலே சவுக்கு மரங்கள் பக்கம் எங்கேயோதான் விழுந்தது. கேமரா செத்தது, சுவிட்சில் இரண்டு போர்ட் செத்தது, டிவியின் நெட்வேர்க் போர்ட்டும் செத்தது. வெளியே நீளமாகக் கிடக்கிற செம்புக் கம்பி பக்கத்தில் விழும் மின்னலையும் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவரும், கரண்ட் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது வந்த வழி வேறு. கீரிதான் என்பது மட்டும் உறுதியானது.

அதனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனையிலும் ஃபைபரைச் சாதாரண நெட்வேர்க் கேபிளோடு சேர்க்கிற மீடியா கன்வேர்ட்டர் என்கிற சின்னப் பெட்டி ஒவ்வொன்று வேண்டும், ஜோடியாகவே விற்கிறார்கள், ஃபைபர் எந்த வகையோ அதற்குப் பொருந்துகிற ஜோடியாக வாங்குங்கள். வெளியில் இழுக்கிற ஃபைபரில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஒன்று பெரும்பாலும் கூடவே வரும், அதைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டி நிறுத்திவிடுங்கள், உள்ளே கொண்டுவந்தால் ஃபைபர் போட்டதே வீண். சுவரில் நுழைகிற இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேல்நோக்கி உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் நம்ம ஊர் மழைக்குத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடும். பலா மரத்தில் கட்டாதீர்கள், காற்றில் ஆடும், ஒரு கம்பம் நடுங்கள். கனெக்‌ஷன் ஒப்பந்தத்தில் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாமா என்பதையும் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ரவுட்டர் ஒன்று அலுமாரியில் சும்மா கிடக்கிறது. அதையே சுவிட்சாகப் பாவிக்க முடியுமா?
- பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி

பதில்: தாராளமாக. முதலில் அதன் முகவரியை மாற்றுங்கள், பெரிய ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். பிறகு வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற டிஎச்சிபி (DHCP) வசதியை நிறுத்துங்கள், நிறுத்தாவிட்டால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்து வீடே குழம்பும். கேபிளை வான் (WAN) என்று எழுதிய தனி ஓட்டையில் செருகாமல் லேன் (LAN) ஓட்டை ஒன்றில் செருகுங்கள். இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் ஒரே ஒரு கேபிள்தான், "இரண்டு போட்டால் வேகம் கூடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வளையம் விழுந்து எல்லாமே நின்றுபோகும்.

கேள்வி: ரவுட்டரை மினி யூபிஎஸ்சில் மாட்டியிருக்கிறேன். ஆனாலும் கரண்ட் போனால் மேல் அறைக் கணினிக்கு மட்டும் இணையம் நின்றுவிடுகிறது, அதுவும் லேப்டொப்தான், பேட்டரி இருக்கிறது. ஏன்?
- தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நடுவில் ஒரு சுவிட்ச் இருக்குமே, அதற்கு யார் கரண்ட் கொடுப்பது? அதையும் யூபிஎஸ்சில் மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன்னால் சுவிட்சின் அடாப்டரில் 5 வோல்ட்டா, 9ஆ, 12ஆ என்று பாருங்கள், ரவுட்டருக்குப் பொருந்தும் 12 வோல்ட் முனையை 5 வோல்ட் சுவிட்சில் செருகினால் அடுத்த மாதம் எனக்கு வேறு கேள்வி எழுதுவீர்கள்.